இழையின் மையம் வரை

மார்ச் 4, செவ்வாய்

லேப் நோட்டில் வீட்டு விஷயம் எழுதக் கூடாது என்று ரங்கநாயகி மேடம் இன்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நேற்றைய பக்கத்தில் சமன்பாட்டுக்குக் கீழே “பஞ்சு, சலைன், பிளாஸ்டர்” என்று எழுதி வைத்திருந்தேன். தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்களாம். அதனால் இந்தத் தனி நோட்டு.

என் வேலையை இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆறாத புண்ணுக்குக் கட்டுவதற்கு எங்கள் துறையில் ஒரு துணி செய்துகொண்டிருக்கிறோம். பாலிமர் இழைகளால் ஆன துணி. அந்த இழைகள் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும். புண்மேல் கட்டிய பிறகு ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இழை செய்வது தௌஃபீக். பாலிமரை உருக்கி முடியைவிட மெல்லியதாக இழுக்கிறான். அந்தச் சூட்டில் மருந்து நிற்காது என்பதால் இழை ஆன பிறகுதான் மருந்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். எந்தப் பருமனில் இழை இருந்தால், எவ்வளவு நேரம் ஊறினால், மருந்து எவ்வளவு ஆழம் போகும்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. இழையை நான் தொடுவதே இல்லை. எனக்கு அது ஒரு சிலிண்டர், அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் கேட்பார்.

“இன்னைக்கு எவ்வளவு தூரம் உள்ள போச்சு அம்மணி?”

பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று டெப்போவில் விசாரிப்பதைப் போலத்தான் கேட்பார். இன்று, “பாதி தூரமுங்க” என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

டிரஸ்ஸிங் மாற்றினேன். ஞாயிறு என்பதால் அவசரமில்லாமல் செய்ய முடிந்தது.

அவர் அரசு பஸ் ஓட்டுகிறவர். சென்னியப்பன் என்றால் தாராபுரம் ரூட்டில் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை வந்து பல வருடம். பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. நானும் கவனிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொங்கல் முடிந்த வாரத்தில் பழைய வண்டி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடு தரைத் தகடு வழியாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. போய்த் திரும்பும்வரை இடது கால் கிளட்ச்மேல் வெந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினார். தோலும் சேர்ந்து வந்தது. “புது சாக்ஸு, ஒட்டிக்குச்சாட்ட இருக்குது” என்று சொல்லிச் சிரித்தார்.

இன்று புண்ணின் ஓரம் சிவப்பாக இருக்கிறது. சிவப்பு நல்லது. வாடை இல்லை. கொஞ்சம் இருக்கலாம், நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.

டிரஸ்ஸிங் நடக்கும்போது அவர் காலைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

மார்ச் 17, திங்கள்

முதல் முழு முடிவு வந்தது.

இழையை ஊறவைத்தால் மருந்து வெளிப்பக்கத்திலிருந்து மையத்துக்குப் போகிறது. புண்மேல் கட்டினால் மையத்திலிருந்து வெளியே வருகிறது. இரண்டுக்கும் ஒரே சமன்பாடு. உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகுமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் வெளியே வரவும் ஆகும். ஒரு வாரம் மெல்ல வெளிவர வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். ஆனால் இந்த மருந்து தண்ணீரில் இரண்டு நாளுக்குள் கெட்டுவிடும். இன்னும் மெல்லிய இழையாக எடுத்தால் சீக்கிரம் ஊறுகிறது. கட்டிய அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சும்மா கிடக்கிறது. தடித்த இழையாக எடுத்தால் மேல்தோலில் மட்டும் மருந்து, நடுவில் ஒன்றுமில்லை.

வேறு மருந்து போடலாமே என்று தௌஃபீக் கேட்டான். இந்த மாதிரிப் புண்ணில் இருக்கும் கிருமி மற்ற மருந்துகளுக்கெல்லாம் அடங்குவதில்லை. மேடம் இதைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

இழையின் ஆரத்தை மாற்றி மாற்றி நிரலை ஓட்டினேன். எங்காவது ஒரு இடம் இருக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிரப்பினேன். துவைக்கிற துணி ஊறுகிறது.

மார்ச் 28, வெள்ளி

ஆஸ்பத்திரி. டாக்டர் அன்வர், ரத்தக்குழாய் நிபுணர். இளைஞர்தான், நிதானமாகப் பேசுகிறார். படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். முட்டிக்குக் கீழே ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி பிரிந்து இறங்க வேண்டும். இவருக்குப் பாதிவழியிலேயே வேர் அறுந்த மாதிரி நின்றுவிடுகிறது.

“ஊசி மருந்து ரத்தத்துல போகுது. ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? எலும்புக்கும் கிருமி இறங்கியிருக்கு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. செயற்கைக் கால் வெச்சு நடக்கலாம்.”

“நடக்கறது சரிங்க. வண்டி ஓட்ட முடியுங்களா?”

“பஸ் முடியாது.”

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு என்னைக் கை காட்டினார்.

“இவ இதுக்குத்தானுங்க மருந்து கண்டுபுடிச்சுட்டு இருக்கறா. வெளிய இருந்து உள்ள போற மருந்து. ரத்தமே வேண்டியதில்லீங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், “ஆராய்ச்சி நடக்குதுங்க டாக்டர்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

தௌஃபீக் நல்ல யோசனை ஒன்று கொண்டு வந்தான்.

“அக்கா, தண்ணில ஊறவைக்கிறதாலதானே இந்தப் பிரச்சனை? ஒரு கரைப்பான் இருக்கு. அதுல போட்டா இழை அவல் மாதிரி ஊதும். ஊதுனப்போ மருந்து சட்டுனு உள்ள போயிடும். அப்புறம் காயவெச்சா சுருங்கிடும். உள்ள போனது மாட்டிக்கும்.”

உள்ளே போகும்போது ஒரு வேகம், வெளியே வரும்போது வேறு வேகம். இரண்டும் ஒன்றாக இருப்பதுதானே சிக்கலே. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து சமன்பாட்டைத் திருத்தினேன். ஊதும்போது ஆரமும் மாறுகிறது, அதையும் சேர்க்க வேண்டியிருந்தது. நாலு மணிக்கு முதல் வரைபடம் வந்தது. மையம் வரை நிறம் ஏறியிருந்தது. ஏழு நாள், எட்டு நாள்கூடத் தாங்கும்.

வரும் வழியில் அவருக்குப் பிடித்த காலிஃப்ளவர் வாங்கினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. டெப்போவிலிருந்து அவருடைய கண்டக்டர் குப்புராசும் இன்னும் சிலரும் வந்தார்கள். காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு என் ஆராய்ச்சியை அவர்களுக்கு விளக்கினார்.

“ஏர்ற படியும் எறங்கற படியும் ஒண்ணாருந்தா என்னாகும்? ஏறுன வேகத்துல எறங்கிப் போயிருவாங்க. இவ என்ன பண்ணறான்னா, கூட்டத்த உள்ள ஏத்திப்போட்டுக் கதவச் சாத்தறா. அப்புறம் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கா ஒவ்வொரு ஆளா எறக்கி உடறா.”

“அப்ப ஆடிக்குள்ள டூட்டிக்கு வந்துருவீங்கன்னு சொல்லுங்க” என்றார் குப்புராசு.

“ஆடி எதுக்கு? ஆனியிலயே வந்துருவேன்.”

நான் பாயசம் எடுக்க உள்ளே போய்விட்டேன். பாயசத்தில் அவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எது என்று மறந்துவிட்டது. எல்லாவற்றையும் சுவைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தௌஃபீக் செய்த இழை வந்துவிட்டது. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தோம். நான் கணக்கில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், மையம் வரை மருந்து இருக்கிறது. மேடம் என் தோளைத் தட்டினார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

பிறகு கிருமித் தட்டில் வைத்த சோதனை. மருந்து வேலை செய்தால் இழையைச் சுற்றி வட்டமாக ஒரு வெற்றிடம் தெரிய வேண்டும். தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இழைமேலும் ஏறியிருந்தது. அந்தக் கரைப்பான் மருந்தை உள்ளே கொண்டுபோகிறது, போகும்போதே கெடுத்தும் விடுகிறது. நடுவில் இருப்பது செத்த மருந்து.

தௌஃபீக் தட்டை மூடி வைத்துவிட்டு, “வேற கரைப்பான் பாக்கலாம்க்கா” என்றான். ஊதவைக்கிற எல்லாக் கரைப்பானும் ஒரே குடும்பம்தான். அது அவனுக்கும் தெரியும்.

வீட்டில் அவர் கேட்டார்.

“மையம் வரைக்கும் போயிருச்சுங்க” என்றேன். அது உண்மை.

மே 1, வியாழன்

விடுமுறை. அவர் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“அம்மணி, உங்க லேப்புல செஞ்ச துணில ஒரு துண்டு எடுத்துட்டு வந்து என்ற கால்ல வெச்சுப் பாத்தா என்ன?”

“அப்படியெல்லாம் வெக்கக் கூடாதுங்க. மொதல்ல பிராணிக்கு வெக்கோணும். அப்புறம் கமிட்டி இருக்குது. பெர்மிசன் வாங்கோணும்.”

“பிராணிக்குத்தான வெக்கச் சொல்றேன்.”

நான் சிரிக்கவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. “சரி, உன்ற வேலைக்கு வில்லங்கம் வந்துரப் போவுது, வேண்டாம்” என்று படுத்துக்கொண்டார்.

கமிட்டி பற்றி நான் சொன்னது எல்லாம் சரிதான். விதி அப்படித்தான்.

மே 8, வியாழன்

நிரலை வேறு ஒரு சிலிண்டருக்கு ஓட்டிப் பார்த்தேன். சும்மா ஒரு பயிற்சிக்கு. ஆரம் கொஞ்சம் பெரியது. மேற்பரப்பில் கெடாத மருந்து, எப்போதும் தீராமல் இருப்பதாக வைத்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல துணி கட்டினாலும் அதைவிட நன்றாக இருக்க முடியாது. உள்ளிருந்து ரத்த ஓட்டம் எதுவும் இல்லை என்று கொடுத்தேன். நடுவில் கெட்டியாக ஒரு தண்டு.

மருந்து மேலே கொஞ்ச தூரம் போகிறது. வழியில் தசை அதைத் தின்றுவிடுகிறது. தண்டை எட்டும் இடத்தில் பூஜ்யம். நாட்களை அதிகப்படுத்தினேன். பூஜ்யம். அளவை அதிகப்படுத்தினேன். பூஜ்யம்.

கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டேன்.

வெந்தயம் ஊறப்போட மறந்துவிட்டேன். நாளைக்கு அவருக்குக் காலையில் குடிக்க இல்லை.

மே 12, திங்கள்

கடைசி இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. நேற்று ஊதா நிறமாகத்தான் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அன்வர் கட்டைப் பிரித்ததும் மூடிவிட்டார்.

“இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க. இப்பவும் முட்டிக்குக் கீழதான். தள்ளிப்போட்டா எங்க வரைக்கும் எடுக்க வேண்டி வரும்னு என்னால சொல்ல முடியாது.”

“கலாமணி என்ன சொல்றாளோ அதுதானுங்க” என்றார் அவர்.

பேசினோம். ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவானது. மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். வெயில் அதிகம். ஆட்டோவில் திரும்பினோம்.

மே 15, வியாழன்

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் இதுவரை ஓட்டிய எல்லா முடிவுகளையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார்.

“கலாமணி, இதைப் பாரு. எந்த ஆரம் எடுத்தாலும், எவ்வளவு நேரம் ஊற வெச்சாலும், எந்த முறையில உள்ள அனுப்புனாலும் சரிவராதுன்னு நீயே நிரூபிச்சிருக்க. இந்த மருந்து, இந்த இழை, ரெண்டும் சேராது. மார்ச்லயே இது உன் கணக்குல வந்துடுச்சு. இதுவும் ஒரு முடிவுதான். எழுதிடு.”

“இன்னும் ஒரு பாலிமர் இருக்குங்க மேடம்.”

“அதையும் நீ ஏப்ரல்ல ஓட்டியாச்சு. பேரை மாத்தி மறுபடியும் ஓட்டியிருக்க.”

நான் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். எண்கள் எல்லாம் ஒன்றுதான். எப்போது அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

“வீட்ல எப்படி இருக்கார்?”

“பரவாயில்லீங்க மேடம்.”

“உன் வீட்ல ஒருத்தருக்கு இந்தப் புண் இருக்குதுன்னு தெரிஞ்சும் உன்னை இந்த வேலையில விட்டிருக்கக் கூடாது” என்றார். எனக்குப் புரியவில்லை என்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

இன்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர் ஷேவ் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்.

மே 18, ஞாயிறு

சொல்லவில்லை. அவருக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. இந்த நேரத்தில் சொல்ல வேண்டாம்.

மே 20, செவ்வாய்

நேற்று விடிந்தபோது கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினார். குப்புராசு வந்து தூக்கினார். ஆம்புலன்ஸ். கெண்டைக்கால் முழுக்க வீங்கி, தொட்டால் உள்ளே நொறுநொறுவென்றது. தொடைவரை சிவப்பு ஏறியிருந்தது.

தொடையில் எடுத்துவிட்டார்கள்.

அறுவைக்கு முன்னால் இன்னொரு டாக்டர் விவரம் எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் தேதியே அட்மிட் ஆகச் சொல்லியும் ஏன் ஆகவில்லை என்று கேட்டார். நான் பேசுவதற்குள் டாக்டர் அன்வர், “அவங்க ஒய்ஃப் ஒரு வாரம் டைம் கேட்டாங்க” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்த டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று இப்போது பார்த்தேன். “முடிவானது” என்று எழுதியிருக்கிறேன்.

“ஒரு வாரம் பாக்கலாமுங்களா டாக்டர், எங்க லேப்புல முடியற மாதிரி இருக்குது” என்று சொன்னது நான். அவர் அட்மிட் ஆகத் தயாராகப் பையைக்கூட எடுத்து வைத்திருந்தார். நான் சொன்ன பிறகுதான் பையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

மே 23, வெள்ளி

இன்று கண் திறந்து நன்றாகப் பேசினார். கஞ்சி கொஞ்சம் குடித்தார். போர்வை ஒரு பக்கம் சமமாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மணி. உன்ற துணி ஆவாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

“மார்ச்சு மாசம் கணக்குல வந்துச்சுங்க. ஏப்ரல்ல உறுதியாயிருச்சு.”

அவர் தலையை ஆட்டினார். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு வந்து, அவர்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவப் போனார்கள்.

“எனக்கும் அப்பவே தெரியும்” என்றார். “மையத்துக்குப் போயிருச்சுன்னு அன்னிக்குச் சொன்னியே. நல்ல சேதி சொல்றப்ப உன்ற முகம் அப்படி இருக்காது.”

“அப்பறம் ஏனுங்க ஆபரேசனுக்கு ஒத்துக்கல?”

“நான் கால எடுத்துட்டா நீ அந்த வேலைய உட்டுருவேன்னு நெனச்சேன். கணக்குப் போட்டுட்டு இருக்கற வரைக்கும் நீ நல்லா இருந்தே.”

இது உண்மையா, என் மனசு நோகக் கூடாது என்று இப்போது செய்ததா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கஞ்சி ஆறிவிட்டது. சுடவைத்துத் தரச் சொல்ல கேன்டீனுக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

மே 27, செவ்வாய்

இடது பாதம் அரிக்கிறதாம்.

“எத்தன வருசமாச்சு அம்மணி அந்தப் பாதத்துல ஒண்ணு தெரிஞ்சு. மணல்ல நின்னாக்கூடத் தெரியாது. இப்பத்தான் ஒவ்வொரு வெரலும் தெரியுது. கட்டை வெரலு, அடுத்தது, அடுத்தது. சூடுகூடத் தெரியுது.”

நர்ஸ் வந்து, அப்படித்தான் இருக்கும், மூளைக்கு இன்னும் தெரியாது, கொஞ்ச நாளில் போய்விடும் என்றார். “போவ வேண்டாமுங்க, இருக்கட்டும்” என்று அவர் சொன்னார்.

அவர் சொல்லச் சொல்ல, காலியாகக் கிடந்த படுக்கை விரிப்பில் பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சொறிந்துகொடுத்தேன். “அங்கதான். இன்னும் கொஞ்சம் கீழ” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 2, திங்கள்

ரத்தத்தில் கிருமி. ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டார்கள். மருந்து அதேதான், எங்கள் மருந்துதான், நரம்பு வழியாக. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதால் முழு அளவு கொடுக்க முடியவில்லை என்றார் டாக்டர் அன்வர். எவ்வளவு குறைவு என்று கேட்டேன். சொன்னார். அவர் சொன்ன எண்ணை மனசுக்குள் போட்டுப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். முடியவில்லை.

ஜூன் 4, புதன்

பார்க்க விட்டார்கள். வாயில் குழாய் இருக்கிறது. கண் திறக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். கியர் பிடித்துக் காய்த்த இடம் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

இன்று காலை அவர் போய்விட்டார்.

ஜூன் 23, திங்கள்

லேப்புக்குப் போனேன். தௌஃபீக் என் மேஜையைத் துடைத்து வைத்திருந்தான். “அக்கா” என்றான். டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு இழை இயந்திரத்துப் பக்கம் போய்விட்டான்.

வீட்டில் இருக்க முடியவில்லை. உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஒரு கேள்வி வரும் என்று காது தானாகக் காத்திருக்கிறது.

அறிக்கை எழுதத் தொடங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

அறிக்கை முடிந்தது. முடிவுரையில், “எடுத்துக்கொண்ட மருந்துக்கும் இழைக்கும், பயன் தரும் எந்த அளவும் இல்லை” என்று எழுதியிருந்தேன். மேடம் அதன்பின் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். “எதிர்கால ஆய்வுகளில் நம்பிக்கை தரும் வாய்ப்புகள் உள்ளன” என்று. எல்லா அறிக்கையிலும் அப்படி ஒரு வரி இருக்குமாம், நிதி தருகிறவர்களுக்காக.

“நம்பிக்கைங்கற வார்த்தை வேண்டாமுங்க மேடம்” என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

மேடம் எப்போதோ வானொலிக்குக் கொடுத்த பேட்டியைச் சனிக்கிழமை ஒலிபரப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. காலையில் லேப் ஃபோன் அடித்தது. தௌஃபீக் இல்லை, நான் எடுத்தேன். ஒரு பெண்.

“புண்ணுக்குத் துணி செய்யற எடமுங்களா?”

“ஆமாங்க. சொல்லுங்க.”

“காங்கேயத்துப் பக்கமிருந்து பேசறனுங்க. ரேடியோவுல சொன்னாங்க. எங்கூட்டுக்காரருக்குக் கால்ல புண்ணுங்க. சக்கரைப் புண்ணு. எடுக்கோணும்ங்கறாங்க டாக்டரு. உங்க துணி எப்ப வருமுங்க?”

“வராதுங்க.”

“இந்த மாசம் இல்லாட்டியும் போச்சாதுங்க. அடுத்த மாசம்?”

“அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. அது வராது. ஆவாதுன்னு முடிவாயிருச்சு. அதுக்காகக் காத்திருக்காதீங்க. டாக்டர் சொல்றத இன்னைக்கே செஞ்சுருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. கால் போனாலும் ஆள் இருப்பாரு.”

அந்தப் பக்கம் பின்னால் டி.வி. ஓடுகிற சத்தம், ஒரு ஆண் இருமுகிற சத்தம்.

“நீங்க டாக்டருங்களா?”

“இல்லீங்க. கணக்குப் போடறவ. கணக்கு போட்டதுனாலதான் சொல்றேன். அவருகிட்ட ஃபோனக் குடுங்க, நானே சொல்றேன்.”

ஃபோனைக் கொடுப்பதுபோல ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. “என்ன சொல்றாங்க?” என்று அந்த ஆணின் குரல். ஃபோனைக் கையால் பொத்தியிருக்கிறார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

“வருமாமுங்க” என்று அவருக்குச் சொன்னார் அந்தப் பெண். “செத்த பொறுக்கோணுமாம். அவ்வளவுதான்.”

நான் “அக்கா, அக்கா” என்று கத்தினேன். இணைப்பு போய்விட்டது.

வந்த எண்ணுக்கு மதியம் வரை விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.